ரெண்டு நாலு ரெண்டு

ஏப்ரல் 6, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம்தான் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் கடைக்குப் போகும் சீட்டைத் தவிர யாரும் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. பட்டம் வாங்கிய அன்று அத்தை கொடுத்த நோட்டு, நல்ல தோல் அட்டை. இவ்வளவு நாளாக அலமாரியில் சும்மா கிடந்தது. இதில் எழுதும் அளவுக்கு எனக்கு என்ன நடந்துவிட்டது என்று ஒரு கூச்சம். இன்றும் எதுவும் நடக்கவில்லை. அப்பா சந்தோஷமாக இருக்கிறார், அவ்வளவுதான். அதை எங்காவது குறித்து வைக்கத் தோன்றியது.

தொழிற்சாலையிலிருந்து ஓய்வு வாங்கி வந்த பிறகு அப்பா இப்படிச் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. காரணம் ஒரு கார். 1969-ஆம் வருட பான்டியாக் ஜி.டி.ஓ. ஆற்றோரமாக வயண்டாட் ஊரில் கணவரை இழந்த ஒரு அம்மாவின் கராஜில் நிற்கிறதாம். அப்பாவின் நண்பர் லானி பௌலிங் கூடத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அப்பா சின்ன வயதில் எதிர்வீட்டுக்காரரின் ஜி.டி.ஓ-வைக் காசு வாங்காமல் கழுவிக் கொடுத்தவர். பிறகு கல்யாணம், நான், வீட்டுக் கடன், முழங்கால் வலி. மஸில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த இந்த மாதிரி வேகக் கார், என்றால் எங்கள் வீட்டில் காலண்டர் படம்தான்.

"சனிக்கிழமை நீயும் வா, காலேஜ்" என்றார்.

காலேஜ் என்றால் நான்தான். பெயர் டெல்லா. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவும் லானியும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே கார் பார்க்கப் போகும்போது என் வேலை காந்தம். குளிர்பெட்டிக் கதவில் அம்மா ஒட்டி வைத்திருக்கும் செர்ரிப் பழக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, காரின் உடம்பு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தகடு என்றால் பிடிக்கும். துருவை வெட்டிப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் நழுவி விழும். அப்பாவின் வேலை பெருமூச்சு. கார் எவ்வளவு பிடித்திருந்தாலும் சொந்தக்காரர் முன்னால் ஒரு நல்ல வார்த்தை வரக் கூடாது. பானெட்டைத் திறந்தால் ஒரு பெருமூச்சு, மூடினால் ஒன்று. இது எனக்குப் பழக்கம். எல்லாரும் செய்வதுதான்.

அந்த அம்மா, திருமதி பியாசெக்கி, கராஜ் கதவைத் தானே தூக்கிவிட்டார். கட்டை குட்டையான உருவம், மேலே கணவருடையது போன்ற பெரிய ஸ்வெட்டர்.

"வாங்க வாங்க. நான் ஒண்ணும் பண்ணல, தூசி மட்டும் துடைச்சேன். அவர் இருந்தா என்னைத் தொடவே விட்டிருக்க மாட்டார்."

கரும்பச்சை நிறம். எனக்குக் கார் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

காந்தத்தை எடுத்துக்கொண்டு சுற்றினேன். கதவு, கதவுக்கு அடிப்பக்கம், துரு முதலில் தின்னும் பின்சக்கரத்து மேல்வளைவு. எங்கே வைத்தாலும் லபக்கென்று பிடித்தது, ஒவ்வொரு முறையும் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். கண் மின்னியது. வாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலேஜ், அந்த நம்பரை வாசி. சத்தமா."

முன்கண்ணாடிக்கு உள்ளே, ஓட்டுநர் பக்க மூலையில் ஒரு சின்னத் தகடு. அதில் வரிசை எண். நான் குனிந்து வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தேன். "இரண்டு, நான்கு, இரண்டு…"

மீதியை வாசிப்பதற்குள், எங்களோடு வந்து காருக்கு அடியில் துரு பார்த்துக்கொண்டிருந்த லானி எழுந்து வந்து, "அடக் கடவுளே" என்றார்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

"அம்மா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாலு ரெண்டுன்னா இது லெமான். ஜி.டி.ஓ இல்ல. அதே கம்பெனி, அதே உடம்புதான், ஆனா சாதா ரகம். யாரோ முன்மூக்கை மாத்தி, எழுத்தை ஒட்டி வேஷம் போட்டிருக்காங்க."

"ரெண்டு நாலு ரெண்டா?" அவர் கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் காசிமிர் வாய்க்கு வாய் அந்த நம்பரைத்தானே சொல்லுவார். நானே பார்த்து வாங்கினேன், ரெண்டு நாலு ரெண்டு, ரெண்டு நாலு ரெண்டுன்னு…"

"தெரிஞ்சேதான் வச்சிருந்திருக்கார், பாவம்" என்றார் லானி. "உங்ககிட்ட எப்படிச் சொல்லுவார்?"

அப்பா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமதி பியாசெக்கி என் பக்கம் திரும்பினார். "பொண்ணு, நீ சரியாத்தான் வாசிச்சியா?"

"சரியாத்தாம்மா வாசிச்சேன்."

"இவ யூனிவர்சிட்டில சரித்திரம் படிச்சவ" என்றார் அப்பா. "எங்க வம்சத்துலயே முதல் பட்டம். தப்பா வாசிக்க மாட்டா."

என் முகம் சூடானது. பெருமையில்! அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குப் பெருமையாக இருந்தது.

லெமானுக்கு உண்டான விலை பேசி முன்பணமும் கொடுத்தார்கள். ஈஸ்டர் கழித்து 26-ஆம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

திரும்பும்போது அப்பாவின் ட்ரக்கில் நான் நடுவில். தெருமுனை திரும்பும் வரை மூன்று பேரும் பேசவில்லை. எனக்கு அந்த அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். திரும்பியதும் லானி டேஷ்போர்டில் ஓங்கித் தட்டினார். அப்பா சிரித்தார். கண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"என்னப்பா? ஏன் சிரிக்கிறீங்க?"

"அது நிஜம், கண்ணு! ரெண்டு நாலு ரெண்டுன்னாதான் நிஜ ஜி.டி.ஓ. லெமான்னா ரெண்டு மூணு ஏழு."

"நம்ம காலேஜ் வாசிச்ச அழகு இருக்கே!" என்றார் லானி. "சர்ச்சுல பாதிரியார் தோத்தாரு போ! இவ வாசிச்ச பிறகு அந்தக் கிழவி ஒரு கேள்வி கேட்டாளா?" மெல்லும் புகையிலையைக் காலி சோடா பாட்டிலில் துப்பி, அதை என் காலடியில் வைத்தார். பழுப்புச் சாறு பாட்டிலுக்குள் ஆடிக்கொண்டே வந்தது. வீடு வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சீ.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. என் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அலுவலகத்தில் நாள் முழுக்கக் காப்பீட்டுக் கோப்புகளை எண் பார்த்து அடுக்குவதுதான் என் வேலை. இன்று 242 என்று தொடங்கும் ஒரு கோப்பு வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பைத்தியமா எனக்கு?

வீட்டில் அப்பா கராஜைக் காலி செய்கிறார். பழைய பெயிண்ட் டப்பா, அம்மாவின் உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் வாசலில். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து களைத்து வந்தவள், அதைப் பார்த்துச் சிரித்தாள். "எத்தனை வருஷம் ஆச்சு உங்கப்பா பாடி" என்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவிடம் தொடங்கிப் பார்த்தேன். "அப்பா, அந்த அம்மாகிட்ட…"

"விக்கிறவன் ஒரு பொய் சொல்லுவான், வாங்கறவன் ஒரு பொய் சொல்லுவான். அதான் இந்த விளையாட்டு, கண்ணு. என்கிட்டயே எத்தனை பேர் இதை ஆடியிருக்காங்க தெரியுமா? பட்டி பூசின காரை என் தலைல கட்டினவன் இன்னைக்கும் என்கூடத்தான் பௌலிங் ஆடறான்." பிறகு தோளில் கை வைத்தார். "ஒண்ணு சொல்லவா? காரை ட்ரெய்லர்ல ஏத்தும்போது நீதான் உள்ள உக்காந்து ஸ்டியரிங் பிடிக்கப்போற. சரியா?"

சின்ன வயதில் கெஞ்சியிருக்கிறேன். ஒரு தடவை கூட விட்டதில்லை. ஆண்கள் தள்ளுவார்கள், ஆண்களே உட்காருவார்கள், நான் காந்தத்தோடு ஓரமாக நிற்பேன்.

"சரிப்பா" என்றேன்.

அந்த அம்மா விளையாடவில்லையே அப்பா. இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன பயன்?

ஏப்ரல் 17, வியாழன்

வேலை முடிந்து வயண்டாட்டுக்குப் போனேன். திருமதி பியாசெக்கி வீட்டு எதிரில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வாசல் விளக்கு எரிந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை.

ஏப்ரல் 19, சனி

இன்றும் போனேன். இன்றும் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் தட்டும் சத்தம். அவர்தான், கையில் கூடையோடு.

"அன்னைக்கும் நீதானே? போலீஸா நீ? இல்ல வெட்கமா?"

"வெட்கம்தாம்மா."

"அப்ப உள்ள வா. குளிருது."

சர்ச்சில் ஈஸ்டர் கூடையை மந்திரித்துக்கொண்டு அப்போதுதான் வந்திருக்கிறார். ரொட்டி, வேகவைத்த முட்டை, சாஸேஜ், வெண்ணெயில் செய்த சின்ன ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிக்கு மிளகில் கண். எல்லாவற்றையும் சமையலறை மேசையில் எடுத்து வைத்தார். பாவப்பட்ட சமையலறை. அலமாரிக் கதவு ஒன்று கயிற்றில் தொங்கியது. சுவரில் ஒரு படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தப் படம் துணி துவைக்கும் மெஷின் மேல் குப்புறக் கிடந்தது.

நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"காசிமிர்தான். நீங்க வந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கே இறக்கிட்டேன். இந்தச் சமையலறையைப் பாரு. கல்யாணம் ஆனப்போ இதை இடிச்சுப் புதுசாக் கட்டித் தரேன்னான். அந்தக் காசுதான் கராஜ்ல நிக்குது. நான் கத்தும்போதெல்லாம் என்ன சொல்லுவான் தெரியுமா? இரேனா, ரெண்டு நாலு ரெண்டு, இது நிஜம், உன்னை ஏமாத்தலன்னு. அந்த நம்பருக்கு அர்த்தம் என்னன்னு நான் ஒரு நாள் கூடக் கேட்கல. அந்தக் காரைப் பத்தி அவன் பேசினாலே எனக்கு எரியும். சரி, முட்டாள்தனமா ஒரு ஆசை, ஆனா பொய் சொல்ற ஆள் இல்லன்னு வாழ்ந்துட்டேன்." வெண்ணெய் ஆட்டுக்குட்டியைத் தட்டில் நேராகத் திருப்பி வைத்தார். "இப்பப் பார்த்தா அதுவும் இல்ல."

ஒரு காரைக் குறைந்த விலைக்கு அமுக்கப் பார்க்கிறோம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அது நிஜம்தாம்மா." ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "ரெண்டு நாலு ரெண்டுன்னா நிஜம். ரெண்டு மூணு ஏழுதான் லெமான். எங்கப்பா பொய் சொன்னார். எனக்கு அப்பத் தெரியாது. உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல."

அவர் உட்கார்ந்தார். போலிஷில் ஏதோ திட்டினார், நீளமாக. யாரை என்று தெரியவில்லை. பிறகு எழுந்து படத்தை எடுத்து, ஸ்வெட்டர் கையால் கண்ணாடியைத் துடைத்தார். "வாயைத் திறந்து அர்த்தத்தையும் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீ?" என்று படத்தைப் பார்த்தே கேட்டார். ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது. இறக்கி மறுபடி மாட்டினார்.

அப்போதுதான் அழுதார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ரொட்டியை வெட்டினேன்.

கிளம்பும்போது சொன்னார்: "இருபத்தாறாம் தேதி அவங்க வரட்டும். நீயும் வா. அவங்க முன்னாடி நீ இன்னொரு தடவை அந்த நம்பரை வாசிக்கணும்."

"நீங்களே சொல்லலாமேம்மா…"

"நான் சொன்னா கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சும்பாங்க. அன்னைக்கு நான் நம்பினது அந்த ரெண்டு தடியன்களையா? நீ வாசிச்சதைத்தான். நீயே வாசி."

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பன்றித் தொடை வறுவல், அன்னாசி, உருளைக்கிழங்கு. லானி சாப்பிட வந்தார். மாமா என்று கூப்பிடச் சொல்வார். நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா தலை குனிந்து ஜெபம் சொன்னார். எங்களை நேர்மையான வழியில் நடத்தியதற்கு நன்றி என்று ஒரு வரி. ஒவ்வொரு வருடமும் வரும் வரிதான். சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. லானி "ஆமென்" சொல்லிவிட்டுக் கொழுப்பாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

நான் சாப்பிடவில்லை. "டயட்டா காலேஜ்?" என்றார் லானி, வாய் நிறைய இறைச்சியோடு.

ஏப்ரல் 26, சனி

லானி தன் ட்ரக்கில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். நானும் அப்பாவும் பின்னால். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, திரும்பிடலாம்."

"என்ன?"

"இல்லன்னா போய் உண்மையைச் சொல்லிடுங்க. நிஜ விலை என்னவோ அதைப் பேசிக்கலாம். அவங்க ரொம்ப…"

"நிஜ விலைக்கு நான் எங்க போவேன் கண்ணு?" கோபமே இல்லாமல் சொன்னார். "ஒரு தடவை. என் வாழ்க்கைல ஒரே ஒரு தடவை. உனக்கு இன்னைக்கு ஒரு வேலையும் இல்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சா போதும்."

சொல்லியாகிவிட்டது. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது. இது எனக்காக நான் சொல்லிக்கொள்வதா? தெரியவில்லை.

கராஜ் கதவு திறந்திருந்தது. திருமதி பியாசெக்கி நல்ல கோட்டு போட்டு, உதட்டுச் சாயம் பூசி, ஒரு மடக்கு நாற்காலியில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம்.

"பத்திரம் தயார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை. அந்தப் பொண்ணு இன்னொரு தடவை நம்பரை வாசிக்கட்டும். அழகா வாசிக்கறா."

லானி சிரித்தார். "போ காலேஜ், ரசிகர்கள் காத்திருக்காங்க."

நான் குனிந்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது, எண் தெரியவில்லை. எண் எனக்கு வேண்டியும் இல்லை.

"இரண்டு. நான்கு. இரண்டு."

"அர்த்தம்?" என்றார் அவர்.

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று. கெஞ்சுகிற மாதிரி. இதுவரை அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை.

"நிஜ ஜி.டி.ஓ-ன்னு அர்த்தம்" என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "இது லெமான் இல்ல. நிஜம்."

லானி ட்ரெய்லர் சங்கிலியைத் தரையில் போட்டார். "வர்ஜில், உன் பொண்ணுக்கு என்னடா கேடு? சோறு போட்டு வளர்த்தியே, நல்லா கடிக்கறா."

திருமதி பியாசெக்கி எழுந்து வந்து முன்பணத்தை அப்பாவின் புதுச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டியும் விட்டார்.

"காரைப் பத்திப் பொய் சொன்னே. சரி, ஆம்பளைங்க காருக்காக எதுவும் சொல்லுவாங்க, என் வீட்டுலயே ஒருத்தன் இருந்தான். ஆனா செத்தவனைப் பொய்யனாக்கிட்டியே, தம்பி. பதில் சொல்ல அவன் இங்க இல்லையே."

அப்பா தொப்பியைக் கழற்றினார். இந்த முறை கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா சைகை விளக்கைக் கூட மெதுவாகத்தான் போட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "தப்புப் பண்ணார்தான். அவர்கிட்ட நானே கேட்டிருப்பேன். வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாமே நீ? லானி முன்னாடி, யாரோ ஒரு அம்மா முன்னாடி… இதுக்கா ஓவர்டைம் பார்த்து உன்னைப் படிக்க வச்சார் அந்த மனுஷன்?"

எனக்கு ஒரு பதில் இருந்தது. அவர் படிக்க வைத்த படிப்பைத்தான் அந்தக் கராஜில் பொய்க்குச் சாட்சியாக நீட்டினார் என்று. சொல்லவில்லை. அம்மா போகும்போது என் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள், துவைக்க.

அப்பா கராஜில் சாப்பிடுகிறார். காலி கராஜில், மடக்கு நாற்காலி போட்டு.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். உணவகத்தில் அப்பா உப்பைக் கூட அம்மா வழியாகத்தான் என்னிடம் கேட்டார்.

அருவருப்பு என்பது மீன் வாடை மாதிரி. எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் இருக்கிறது. அவர் மேல் மட்டும் இருந்தால் எளிது. என் மேலும் இருக்கிறது. கராஜில் எனக்கு வந்த அந்தப் பெருமையை நினைத்தால்.

ஜூன் 22, ஞாயிறு

திருமதி பியாசெக்கியிடமிருந்து நேற்று கசகசா வைத்த ரொட்டி பார்சலில் வந்தது. காரை ஒஹையோக்காரர் ஒருவர் நிஜ விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போனாராம். சமையலறையை இடிக்க ஆள் வந்துவிட்டதாம். "காசிமிர் கடைசியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்" என்று சின்னக் காகிதத்தில் எழுதியிருந்தார்.

ரொட்டியை மேசையில் வைத்தேன். அம்மா தொடவில்லை. காலையில் பார்த்தால் ஒரு துண்டு குறைந்திருந்தது. கராஜ் பக்கம் போகும் வழியில் கசகசா சிந்திக் கிடந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஊரே வுட்வர்ட் சாலையில், பழைய கார் ஊர்வலம் பார்க்க. அப்பா போகவில்லை. வாசலில் உட்கார்ந்து புல் வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கராஜில் ஒரு கார் நிற்கிறது!

மன்ரோ பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் வாங்கியதாம். தனியாகப் போயிருக்கிறார். என்னையும் கூப்பிடவில்லை, லானியையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் அம்மாதான் சொன்னாள். "கேட்ட விலையைக் கொடுத்துட்டு வந்திருக்கார். ஒரு பெருமூச்சு கூட விடலையாம். நல்ல வண்டின்னு அந்த ஆளோட முகத்துக்கு நேராவே சொன்னாராம். உடம்பு சரியில்லையோ என்னவோ."

அப்பா பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தூங்கிய பிறகு போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். எதற்கு? பட்டப்பகலில் அவர் முன்னாலேயே போனேன். மங்கிய நீலம். கதவடியில் துரு வெளியே தெரிந்தது, மறைக்காத துரு. முன்கண்ணாடி மூலையைக் குனிந்து பார்த்தேன். 237.

லெமான்.

அப்பா நான் வாசித்ததைப் பார்த்தார்.

அக்டோபர் 2, வியாழன்

ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வராத லானி திரும்ப வந்துவிட்டார், ஒரு அட்டைப்பெட்டியோடு. பழைய சாமான் சந்தையில் பிடித்தாராம். ஜி.டி.ஓ-வின் முன்மூக்கு. பழைய துணியில் சுற்றி, ஜி, டி, ஓ என்று பளபளக்கும் எழுத்துகள். "ரெண்டு துளை போட்டா முடிஞ்சது, வர்ஜில். ரோட்டுல எவன் குனிஞ்சு நம்பரைப் பார்க்கப்போறான்? நாளைக்கு வித்தாலும் எவன் பார்க்கப்போறான்? உன் காலேஜ் இல்லாம இருந்தா சரி."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பல்லில் புகையிலைத் துணுக்கு.

பெட்டியை அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். அந்த விரல்களின் மென்மையைப் பார்க்க எனக்குக் குமட்டியது. ஏனென்றால் எனக்கு அது புரிகிறது. சின்ன வயதில் எதிர்வீட்டு வாசலில் வாளியும் துணியுமாக நின்ற பையனின் விரல்கள் அவை. புரிகிறது என்பதுதான் இன்னும் மோசம்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கராஜிலிருந்து குரல். "டெல்லா!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

நீலக் காரின் பக்கவாட்டில் நீளமாகக் காகித டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலில் புள்ளிகள் வைத்திருந்தார். கையில் துளைபோடும் மெஷின். எழுத்துகள் பானெட் மேல் வரிசையாக. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கோடு நேரா இருக்கான்னு பாரு. என் கண்ணை நம்ப முடியல."

குனிந்து பார்த்தேன். நேராக இருந்தது. அவர் எதையும் கோணலாகச் செய்கிறவர் இல்லை.

நேரா இருக்குப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும் கூட. அன்றைக்கு நான் வாசித்ததும் உண்மைதான்.

நான் எழுந்திருக்கவில்லை. டேப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். மெஷின் ஒருமுறை விர்ரென்று சுற்றியது. பிறகு நின்றது. அதை அவர் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் முழங்கால் நெறிய நெறியக் குந்தினார்.

"சொல்லு" என்றார். "என்னமோ சொல்ல வர. சொல்லு, டெல்லா."

அவர் காத்திருந்தார்.

"துளை போடாதீங்கப்பா. அது லெமானாவே இருக்கட்டும். நான் இதை ஓட்டணும். நீங்க பக்கத்துல உக்காருங்க."